டிராகனைக் கண்டு பயந்தால் ஃபைட்டர் வாளைப் போட்டுவிட்டு ஓடத்தான் வேண்டுமா?

யீஷுன் சித்தி (சனி, இரவு 11:52)

வணக்கம். கேள்வி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் ஆட்டத்தின் 5ஆம் பதிப்பைப் பற்றியது. எங்களிடம் இருப்பது 2014 புத்தகங்கள். கேட்பது ஒரே ஒரு விதியைத்தான், ஆனால் இன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னால்தான் ஏன் இந்த நேரத்தில் தூங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

சிங்கப்பூர் யீஷுனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் சனிக்கிழமைதோறும் ஆட்டம் நடக்கிறது. நான்தான் டிஎம், அதாவது கதையையும் அரக்கர்களையும் நடத்துகிறவள். நான்கு பேர் ஆடுகிறார்கள்: என் அக்கா மகன், அவனுடைய வகுப்புத் தோழன், என்னோடு வேலை செய்யும் தோழி, அவளுடைய கணவர். பையன்கள் இருவரும் உயர்நிலை 3. ஆட்டம் முழுக்கத் தமிழில்தான் பேச வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. ஃபைட்டர், சேவிங் த்ரோ என்று சொல்வதைத் தடுக்க மாட்டேன். மற்றதெல்லாம் தமிழ். அக்கா மகனுக்குப் பள்ளிக்கூடத் தமிழ் என்றால் கட்டுரையும் வாய்மொழித் தேர்வும்தான். வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். ஆனால் இந்த மேசையில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் தமிழில் பேசுவான், சண்டை போடுவான், காப்லின் ராஜாவிடம் பேரம் பேசுவான். ஒன்றரை வருஷமாக இது நடக்கிறது. அதனால் அவன் மேசையில் வாயை மூடிக்கொண்டால் எனக்குத் தாங்காது.

எல்லாரும் இப்போது 11ஆம் நிலை. அக்கா மகன் ஃபைட்டர் (வாள் வீரன்), பெயர் வேங்கையன். தோழன் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்து ரோக் (திருடன்). தோழி கிளெரிக் (பூசாரி), கணவர் விஸார்ட் (மந்திரவாதி). இன்று வளர்ந்த கறுப்பு டிராகனோடு முதல் சண்டை. இதற்காக ஒரு மாதமாகத் தயார் செய்தேன். பையன்கள் இருவரையும் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போய், அந்தச் சதுப்பு நிலத்தின் வாசனை, நீர் வற்றியதும் தெரியும் வேர்கள், சேற்றில் குமிழி விடும் சத்தம், எல்லாவற்றையும் காட்டினேன். கறுப்பு டிராகன் வாழ்வது இப்படிப்பட்ட இடத்தில்தான் என்று சொன்னேன். பெரிய தாளில் கட்டம் போட்டுச் சதுப்பு நிலத்தை வரைந்தேன். டிராகன் பொம்மை இல்லாததால் கறுப்புக் கோப்பிக் குவளையைக் கவிழ்த்து வைத்தேன்.

டிராகன் மரங்களுக்கு மேலே எழுந்தது. ஃப்ரைட்ஃபுல் பிரெசன்ஸ், அதாவது எதிரில் இருப்பவர்களைப் பயமுறுத்தும் அதன் சக்தி. தப்பிக்க விஸ்டம் சேவ், டிசி 16, அதாவது இருபதுமுகப் பகடையில் கூட்டி 16 வர வேண்டும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் பகடையை ரொட்டி டப்பா மூடியில் துணி விரித்துத்தான் உருட்டுவோம். கிளெரிக் தப்பித்தாள். ரோக்கும் தப்பித்தான், ஹாஃப்லிங் என்பதால் அவனுக்கு இரண்டு பகடை. விஸார்டுக்கு விழவில்லை, அடுத்த சுற்றில் தெளிந்துவிட்டார். வேங்கையனுக்கு 9.

நான் சொன்னேன்: ‘வாள் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுகிறது. நீ திரும்பி ஓடுகிறாய்.’ அவனுடைய பொம்மையை வரைபடத்தின் ஓரம் வரைக்கும் நானே நகர்த்தினேன். முறை முடிவில் மறுபடி உருட்டினான், 4. அடுத்த முறையும் ஓட்டம், ஒரு மரத்துக்குப் பின்னால். உருட்டினான், 15. ஒரே ஒரு எண் குறைவு. அதற்கடுத்து 11. அந்த மூன்று முறையும் அவன் செய்தது ஓட்டமும் உருட்டலும்தான். அந்த மூன்று சுற்றில் அவனுடைய தோழன் டிராகனை மூன்று தடவை குத்திவிட்டான்.

டிராகன் காயத்தோடு பறந்து போனது, ஆட்டம் முடிந்தது. வேங்கையன் தன் பகடையை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினான். கோபமாக எதுவும் சொல்லவில்லை. ‘நான் வந்திருக்கவே வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஒன்றரை வருஷத்தில் இந்த மேசையில் அவன் ஆங்கிலத்தில் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

நான் கேட்பது இரண்டு. பயம் பிடித்தவன் ஓடத்தான் வேண்டுமா, அதைச் சரியாக நடத்தினேனா? சரி என்றால், இப்படி ஒரு பையன் ஒரு மணி நேரம் சும்மா உட்காரும்படி ஒரு விதி எதற்கு?

இருபதுமுகம் (ஞாயிறு, காலை 8:15)

சித்தி, நீங்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சேர்த்துவிட்டீர்கள். பல பேருக்கு நடப்பதுதான்.

கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் டேஷ் எடுத்து ஓடுவது ‘ஃபியர்’ என்ற 3ஆம் நிலை மந்திரத்தின் விளைவு. 30 அடிக் கூம்பு, போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்திருக்க வேண்டும், ஓடுகிறவர் மந்திரம் போட்டவரின் பார்வையிலிருந்து விலகி நின்றால்தான் மறுபடி உருட்டலாம். டிராகனின் ஃப்ரைட்ஃபுல் பிரெசன்ஸ் அதுவல்ல. 120 அடிக்குள் இருந்து, டிராகன் இருப்பதை உணர்ந்தவர்களில் டிராகன் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் சேவ் போட வேண்டும். தவறினால் ஒரு நிமிடத்துக்கு ‘ஃப்ரைட்டன்ட்’ என்ற நிலை, அவ்வளவுதான். அந்த நிலை சொல்வது இரண்டே விஷயம். பயத்துக்குக் காரணமானது கண்ணுக்குத் தெரியும்வரை அட்டாக் ரோலுக்கும் (அடி படுமா என்ற உருட்டல்) எபிலிட்டி செக்குக்கும் (திறமைச் சோதனை) டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அடுத்து, தன் விருப்பத்தில் அதன் அருகே போக முடியாது. ஓடு என்று அதில் எங்குமே இல்லை. வாளும் கையிலேயே இருக்கும்.

இதற்குள் அவன் செய்யக்கூடியது நிறைய. நின்ற இடத்திலேயே நிற்கலாம். தூரம் குறையாமல் பக்கவாட்டில் நகரலாம். டிராகன் தானாக அவனிடம் வந்தால் வெட்டலாம், இரண்டு பகடையில் சிறியதை எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான். ஈட்டி எறியலாம். விழுந்தவன் வாயில் மருந்து ஊற்றலாம். டிராகனோடு மல்லுக்கட்டும் ரோக்குக்கு உதவி செய்ய முடியாது, ஏனென்றால் அதற்கு எதிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் அவன் ஏற்கெனவே பக்கத்தில் நின்றிருந்தால் அதுவும் முடியும். சேவிங் த்ரோவுக்கு இந்த நிலையால் எந்தக் குறையும் கிடையாது, அமில மூச்சு வந்தால் வழக்கம்போலவே உருட்டுவான். உங்கள் விஸார்டுக்கு இன்னும் சுலபம்: எதிரி சேவ் போட வேண்டிய மந்திரங்களில் அட்டாக் ரோலே இல்லை, பயந்துகொண்டே ஃபயர்பால் போடலாம்.

பார்வையைப் பற்றி ஒன்று. மரத்துக்குப் பின்னால் போய் டிராகன் கண்ணில் படாமல் நின்றால் டிஸ்அட்வான்டேஜ் போய்விடும், ஆனால் அருகே போகக்கூடாது என்பது போகாது. இதைப் பல பேர் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வேங்கையனுக்கு விஸ்டம் 10 என்று வைத்துக்கொள்கிறேன். டிசி 16க்கு அவனுக்கு 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 25 சதவீதம். தொடர்ந்து நான்கு தடவை தவறுவது நூற்றில் 32 தடவை நடக்கும். அபூர்வமே இல்லை. விஸ்டம் 20 இருக்கும் உங்கள் கிளெரிக்குக்கு முதல் உருட்டிலேயே 70 சதவீதம். ரோக்குக்கு இரண்டு பகடையோடு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. குழுவில் முன்னால் நிற்க வேண்டியவன்தான் பயத்துக்கு எதிராக மிகவும் பலவீனமானவன். ஃபைட்டருக்குப் பயிற்சி உள்ள சேவ் ஸ்ட்ரெங்த்தும் கான்ஸ்டிடியூஷனும்தான், விஸ்டம் இல்லை. என் முதல் ஃபைட்டரோடு நானும் இப்படி மூன்று சுற்று ஓரத்தில் நின்றிருக்கிறேன், அதனால் உங்கள் அக்கா மகனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டிஸ்அட்வான்டேஜோடு அவன் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிராகனின் ஏசி 19, அடி பட அந்த எண்ணை எட்ட வேண்டும். ஸ்ட்ரெங்த் 20, +1 வாள் என்றால் +10, 9 விழுந்தால் போதும். சாதாரணமாக 60 சதவீதம், பயத்தோடு 36. மூன்று வெட்டுக்குச் சராசரியாக 1.8 என்பது 1.08 ஆகக் குறையும். குறைவுதான், ஆனால் சுற்றுக்கு ஒரு அடியாவது விழும். அவனிடமிருந்து நீங்கள் தெரியாமல் எடுத்துக்கொண்டது அந்த ஒரு அடியைத்தான்.

ஒரு எச்சரிக்கை. டிராகனின் கடி 10 அடி எட்டும், வாள் 5 அடிதான் எட்டும். தந்திரமான டிராகன் 10 அடியில் நின்று கடித்தால், பயந்தவனால் அந்தக் கடைசி 5 அடியை எடுத்துவைக்க முடியாது. அங்கேதான் கிளேவ் மாதிரி நீள ஆயுதம் உதவும்.

கடைசியாக: 9ஆம் நிலையிலிருந்து ஃபைட்டருக்கு இன்டாமிட்டபிள் இருக்கிறது. தவறிய ஒரு சேவிங் த்ரோவை மறுபடி உருட்டலாம், நீண்ட ஓய்வுக்கு ஒரு தடவை. 15 விழுந்தபோது அவன் ஏன் கேட்கவில்லை?

யீஷுன் சித்தி (ஞாயிறு, காலை 9:40)

புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. மந்திரத்தின் விதியை டிராகனுக்குப் போட்டிருக்கிறேன். மனசு கனக்கிறது.

இன்டாமிட்டபிளை அவன் அமில மூச்சுக்காக எடுத்துவைத்திருந்தான். ‘அதுதான் பெரிய அடி’ என்று போன வாரமே தோழனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கணக்குப் போட்டு ஆடுகிற பையன்.

இன்னொன்று கேட்க வேண்டும். டிராகன் சதுப்பு நிலத்துக்குள் தன் குகைக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை அவர்கள் அதைத் துரத்திப் போவார்கள். அங்கே மறுபடி ஃப்ரைட்ஃபுல் பிரெசன்ஸ் வந்தால் அவன் மறுபடி ஓரத்தில் நிற்பானோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. பேசாமல் அதை எடுத்துவிடலாமா?

கோப்பி ஓ (ஞாயிறு, காலை 10:05)

எடுக்க வேண்டாம். விஸார்டை ஃபாக் கிளவுட் போடச் சொல்லுங்கள். பனிக்குள் டிராகன் தெரியாது, டிஸ்அட்வான்டேஜ் போச்சு.

இருபதுமுகம் (ஞாயிறு, காலை 10:20)

கோப்பி ஓ, அது கறுப்பு டிராகனிடம் செல்லாது. வளர்ந்த டிராகனுக்கு 60 அடி பிளைண்ட்சைட் இருக்கிறது, பனிக்குள்ளும் அது நம்மை உணரும். நமக்கு அது தெரியாததால் பயத்தின் டிஸ்அட்வான்டேஜ் போய், தெரியாத எதிரியை அடிக்கும் டிஸ்அட்வான்டேஜ் வரும். கணக்கு அதேதான். அருகே போகவும் முடியாது.

சித்தி, எடுத்துவிட வேண்டிய அவசியமே இல்லை. ஃப்ரைட்ஃபுல் பிரெசன்ஸின் கடைசி வரியைப் பாருங்கள். சேவ் வெற்றி பெற்றாலும் சரி, விளைவு தானாக முடிந்தாலும் சரி, அந்த ஆள் அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த டிராகனின் ஃப்ரைட்ஃபுல் பிரெசன்ஸுக்கு அசைய மாட்டார். ஒரு நிமிடம் கழிந்து வேங்கையனுக்குப் பயம் தெளிந்துவிட்டது அல்லவா? ஆட்டத்துக்குள் அதே நாளில் துரத்திப் போனால் அவனுக்கு அந்தப் பயம் கிடையாது. நீண்ட ஓய்வு எடுத்தால் டிராகனும் குணமாகிவிடும், அதனால் உடனே போவதே அவர்களுக்கு எல்லா வகையிலும் லாபம். இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டிராகனோடு ஒரு தடவை மோதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

இன்னொரு வழியும் உண்டு. 11ஆம் நிலை கிளெரிக்குக்கு 6ஆம் நிலை மந்திரம் வந்துவிட்டது. ஹீரோஸ் ஃபீஸ்ட். ஒரு மணி நேரம் உட்கார்ந்து விருந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டவர்களுக்கு 24 மணி நேரம் பயமே பிடிக்காது. ஆனால் 1000 பொற்காசு மதிப்புள்ள ரத்தினக் கிண்ணம் ஒவ்வொரு தடவையும் செலவாகிவிடும்.

பழைய பகடை (ஞாயிறு, பிற்பகல் 2:30)

தங்கச்சி, எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தேசிய சேவை காலத்திலிருந்து ஆடுகிறேன், பல பதிப்புகளைப் பார்த்தாகிவிட்டது. விதியை இருபதுமுகம் தம்பி தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த விதி எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு.

பயம் என்பது ஆட்டத்தில் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் அளவு மாறி வர வேண்டியது. 2003இல் வந்த 3.5 பதிப்பில் அதற்குப் படிகள் இருந்தன. ஷேக்கன் என்றால் அடி, சேவ், திறமை எல்லாவற்றிலும் 2 குறையும், ஆனால் நின்று சண்டை போடலாம். ஃப்ரைட்டன்ட் என்றால் அந்தக் குறைவோடு ஓட்டமும். பானிக்ட் என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவான், மூலையில் மாட்டினால் சுருண்டுகொள்வான். ஷேக்கனாக இருக்கும்போது இன்னொரு ஷேக்கன் வந்தால் ஃப்ரைட்டன்ட் ஆகிவிடுவான். படி ஏறுவது மாதிரி. அந்தப் பதிப்பில் டிராகன் முன்னால் சேவ் தவறினால், 4 ஹிட் டைஸ் (ஏறக்குறைய நிலை மாதிரி) வரை உள்ளவர்கள்தான் பானிக் ஆகி ஓடுவார்கள். 5 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு ஷேக்கன் மட்டும்தான். நீங்கள் 11ஆம் நிலை ஃபைட்டரை ஓடவைத்தது எனக்குப் படிக்கும்போதே உறுத்தியது அதனால்தான். ஊர்க்காரர்கள் ஓடலாம். வேங்கையன் ஓடுகிற ஆள் இல்லை.

பாத்ஃபைண்டர் என்று இதே மாதிரி இன்னொரு ஆட்டம், அதன் 2ஆம் பதிப்பு 2019இல் வந்தது, அதில் இன்னும் அழகு. பயத்துக்கு ஓர் எண் உண்டு. ஃப்ரைட்டன்ட் 2 என்றால் எல்லா உருட்டலிலும் 2 குறையும், ஏசியும் குறையும், முறை முடியும்போது தானாக 1 ஆகும், அப்புறம் போய்விடும். யாருடைய முறையும் பறிபோகாது. என்னைக் கேட்டால் மேசையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயசுப் பையனுக்கு இதுதான் பொருத்தம். 5ஆம் பதிப்பில் டிஸ்அட்வான்டேஜ் கனமான அடி, தம்பி கணக்கே அதைச் சொல்கிறது. அவருக்கு அது பரவாயில்லை போல. எனக்கு இல்லை. என் மேசையில் ஒரு வீட்டு விதி வைத்திருக்கிறேன்: பயம் பிடிக்காத ஒருவன், பயந்தவனுக்குப் பக்கத்தில் நின்று சுற்றுக்கு ஒரு தடவை கிடைக்கும் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து அவனிடம் ஏதாவது சொன்னால், அந்த முறை முடிவில் பயந்தவன் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். ‘சொல்கிறேன்’ என்றால் போதாது, என்ன சொல்கிறான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் மேசை தமிழ் மேசை என்பதால் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, பயம் இரண்டு பக்கமும் இருக்கட்டும். 1981இல் வந்த பேசிக் பெட்டியில் ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை மொரால் (மன உறுதி) எண் இருக்கும். அவர்கள் பக்கம் முதல் ஆள் செத்ததும், பாதிப்பேர் விழுந்ததும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவோம். எண்ணுக்கு மேல் விழுந்தால் ஓட்டம் அல்லது சரண். எலும்புக்கூட்டுக்கு 12, அது ஓடவே ஓடாது. 5ஆம் பதிப்பு டிஎம் புத்தகத்திலும் இதே மாதிரி ஒன்று விருப்ப விதியாக இருக்கிறது, டிசி 10 விஸ்டம் சேவ். ஆனால் எனக்கு அந்த இரண்டு பகடைதான் பிடிக்கும். எதிரியும் பயப்படுகிறான் என்று பார்க்கிற பையனுக்குத் தன் பயம் அவமானமாகத் தெரியாது.

பால்குழி (ஞாயிறு, இரவு 9:10)

எனக்கு விதிகள் அவ்வளவாகத் தெரியாது, பாலடின் (புனித வீரன்) மட்டும்தான் ஆடுவேன். ஆனால் ‘பயந்தவன் ஓட வேண்டுமா’ என்ற கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் இரண்டு வருஷம் தீ மிதித்திருக்கிறேன். பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து, வரிசையில் நின்று, குழிக்கு முன்னால் வரும்போது எனக்குப் பயம் இருந்தது. திரும்பி ஓட வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கால் முன்னே போகவில்லை, அவ்வளவுதான். கண்ணை அந்தத் தணலிலிருந்து எடுக்க முடியவில்லை. சுற்றி இருந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அவர் போனார், நான் போனேன். அந்தப் பக்கம் பால்குழியில் கால் வைத்த பிறகுதான் மேளச் சத்தமே கேட்டது.

அதனால் இருபதுமுகம் அண்ணன் சொன்ன விதியைப் படித்தபோது எழுதினவருக்குப் பயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அருகே போக முடியாது, கண்ணில் படும்வரை கை நடுங்கும். சரியாக அதுதான். பாலடினுக்கு 10ஆம் நிலையில் வரும், பயம் பிடிக்காமல் காக்கும் ஆரா ஆஃப் கரேஜும் 10 அடிக்குள் நிற்பவர்களுக்குத்தான். ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

யீஷுன் சித்தி (அடுத்த ஞாயிறு, காலை 7:30)

நேற்று ஆடினோம். எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கும் முன்னால் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் சொன்னேன். போன வாரம் நான் விதியைத் தப்பாகப் படித்துவிட்டேன், நீ ஓடியிருக்கவே வேண்டாம், நின்று அடித்திருக்கலாம், தப்பு என்னுடையது. இரண்டு பக்கத்தையும் காட்டினேன். அவன் படித்தான். தோழனும் எட்டிப் பார்த்துப் படித்தான். ‘அப்போ வாள் என் கையிலதான் இருந்துச்சா?’ என்று கேட்டான். ஆமாம், வாள் உன்னிடமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். ‘வேணாம் சித்தி. வேங்கையன் பயந்துதான் போட்டான். அவனே போய் எடுக்கட்டும்.’

நான் தயார் செய்திருந்தது குகையை. அதை ஓரமாக வைத்துவிட்டேன். இருட்டில், நீர் ஏறிக்கொண்டிருக்கும் சதுப்பு நிலத்தில், முழங்கால் அளவு சேற்றில் அவன் வாளைத் தேடினான். முக்கால் மணி நேரம் போனது. சுங்கை பூலோவில் பார்த்ததை எல்லாம் அவன் பேசினான். அந்த வேருக்குத் தமிழில் என்ன என்று என்னிடம் கேட்டான், அலையாத்தி வேர் என்றேன். ‘அலையாத்தி வேரைப் பிடிச்சுக்கிட்டு, காலால துழாவுறேன்’ என்றான். முதல் செக் 7. ஒன்றும் கிடைக்கவில்லை. ரோக் விளக்கைப் பிடித்தான், அதனால் அடுத்து இரண்டு பகடை, 17. காலில் இரும்பு தட்டியது. சேற்றுக்குள் கையை விட்டு இழுத்தான், பிடி வழுக்கியது, மறுபடி இழுத்தான். மேசையில் உட்கார்ந்தபடியே அவன் இரண்டு கையாலும் இழுக்கிற மாதிரி காட்டினான். தோழியின் கணவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாள் வெளியே வந்த நேரத்தில் டிராகனுக்குக் காவல் இருக்கும் பல்லி மனிதர்கள் ஆறு பேரை விட்டேன். பழைய பகடை அண்ணா, நீங்கள் சொன்னபடியே மொரால் 8 என்று எழுதிவைத்திருந்தேன். வேங்கையனின் முதல் வெட்டில் ஒருவன் விழுந்தான். இரண்டு பகடையை எல்லாரும் பார்க்க மூடியில் உருட்டினேன், 10. ஐந்து பேரும் தண்ணீருக்குள் குதித்துப் போனார்கள். ‘அவங்களும் பயப்படுவாங்களா?’ என்று கேட்டான். ஆமாம் என்றேன். துரத்தலாம் என்று தோழன் சொன்னதற்கு வேண்டாம் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ரியாக்‌ஷன் விதியையும் சேர்த்துக்கொண்டோம், ஆனால் நேற்று தேவைப்படவில்லை. ஹீரோஸ் ஃபீஸ்டுக்குக் கிண்ணம் இல்லை. ஒரு மணி நேர ஓய்வு மட்டும் எடுத்துக்கொண்டு விடியும் முன்னால் குகைக்குள் போனார்கள். டிராகனுக்கு அப்போது 70 உயிர்ப்புள்ளி. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது. அவன் கை தானாகப் பகடைக்குப் போனது.

‘உருட்டணுமா?’

‘வேண்டாம். இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. அதை நீ ஏற்கெனவே பார்த்துவிட்டாய்.’

‘அப்போ நேரா போறேன். நடந்து போறேன், ஓடல.’

பொம்மையை அவனே நகர்த்தினான், ஒவ்வொரு கட்டமாக, ஆறு கட்டம். முதல் வெட்டு பட்டது, இரண்டாவது பட்டது, மூன்றாவது எல்லாம் கூட்டியும் 17தான் வந்தது, ஏசி 19. அடுத்து அமில மூச்சு. டிசி 18க்கு 12 வந்தது. இன்டாமிட்டபிளை எடுத்தான், அதற்கும் 14தான். 54 போனது. அப்படியும் நின்றுகொண்டிருக்கிறான். மணி பத்தரை ஆகிவிட்டது, தோழனுக்கு எம்ஆர்டி பிடிக்க வேண்டும், அங்கேயே நிறுத்தினோம். கோப்பிக் குவளையையும் வேங்கையனையும் தாளோடு அலமாரி மேலே அப்படியே வைத்திருக்கிறேன், யாரையும் தொட விடவில்லை.

இருபதுமுகம் தம்பிக்கு ஒரு கேள்வி, அவன் கேட்கச் சொன்னது. டிராகன் செத்தால் 12ஆம் நிலை வரும். ரெசிலியன்ட் எடுத்து விஸ்டம் சேவுக்குப் பயிற்சி வாங்கினால் விஸ்டம் 11, சேவ் +4, டிசி 16க்கு 12 விழ வேண்டும், 45 சதவீதம் என்று அவனே பஸ்ஸில் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறான். கணக்கு சரியா?

இருபதுமுகம் (ஞாயிறு, காலை 8:02)

சரி. அடுத்த ஆட்டத்தில் முதல் முறை யாருடையது?

யீஷுன் சித்தி (ஞாயிறு, காலை 8:04)

அவனுடையது.